அரசியலை நாவலாக்க எத்தனை வருடம் ஆகும்? திருவாதவூரிலிருந்து ஒரு கணக்கு!

தேர்தல் முடிவு வந்த பத்தாவது நிமிடத்தில் ஸ்டேட்டஸ் போட்டுவிடலாம். அரை மணி நேரத்தில் வீடியோ ஏற்றிவிடலாம். மறுநாள் காலை பேப்பரில் ஒரு கட்டுரையே வந்துவிடும். ஆனால், அதே அரசியலை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்றால் எவ்வளவு நாள் ஆகும்?

மதுரை வட்டாரத்தில் ஒருவருக்கு அறுபது வருடங்களுக்கு மேல் ஆனது. இன்னொருவருக்குப் பத்து வருடம். மூன்றாமவர் எழுதி முடித்த நாவல் அச்சுக்கு வரவே பத்து வருடம் காத்திருந்தது. எழுதுகிறவர் அரசியலில் எவ்வளவு தூரம் இறங்கலாம், எப்போது விலகி நிற்க வேண்டும், அதற்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்விகள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதைப் புரிந்துகொள்ள மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாதவூரிலிருந்து தொடங்குவதுதான் சரி.

ஒரே ஊர், இரண்டு எழுத்தாளர்கள்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவாதவூர். ஊரையொட்டிய ஓவாமலையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்துக்கும் இந்த ஊருக்கும் அவ்வளவு பழைய உறவு.

கபிலர் பிறந்தது இந்த ஊரில்தான் என்கிறது புராண மரபு. மாணிக்கவாசகர் பிறந்ததும் இங்கேதான். அவரை 'வாதவூரர்' என்றே அழைப்பார்கள். இருவருமே அதிகாரத்துக்கு மிக அருகில் வாழ்ந்தவர்கள். ஆனால், இருவரும் போன வழி வேறு.

கபிலர், பறம்பு மலையை ஆண்ட பாரியின் நண்பர். இன்றைக்குச் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் பிரான்மலைதான் அந்தப் பறம்பு மலை. மூவேந்தர்களும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டபோது, கபிலர் தோற்கப்போகும் பக்கத்தில் நின்றார். பாரி இறந்த பிறகு அவருடைய மகள்களை அழைத்துக்கொண்டு, மணம் செய்து வைப்பதற்காகக் குறுநில மன்னர்களிடம் போனார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்துவிட்டார்கள். இந்த அலைச்சலும் அவமானமும் புறநானூற்றில் அவருடைய பாடல்களாகவே பதிவாகியிருக்கின்றன. கடைசியில் அவர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்று ஒரு மரபு. நெருப்பில் இறங்கினார் என்கிறது திருக்கோவலூர்க் கல்வெட்டு.

மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாண்டியனின் அமைச்சர். 'தென்னவன் பிரமராயன்' என்று பட்டம் பெற்றவர். குதிரை வாங்கக் கஜானா பணத்தோடு போனவர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டதும் அந்தப் பணத்தைக் கோயில் பணிக்குச் செலவிட்டுவிட்டார். நரி பரியானதும், பரி மீண்டும் நரியானதும், வைகையில் வெள்ளம் வந்ததும், பிட்டுக்கு மண் சுமந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. கதையின் முடிவில் அவர் அமைச்சர் பதவியை விட்டுவிட்டார். நமக்குத் திருவாசகம் கிடைத்தது.

ஒருவர் கடைசி வரை ஒரு பக்கத்தில் நின்றார். இன்னொருவர் பதவியைத் துறந்து வெளியேறினார். அரசியலும் எழுத்தும் ஒரே ஆளுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் அன்றைக்கே இரண்டு உதாரணங்களைக் கொடுத்துவிட்டது.

'வாடிவாசல்' செல்லப்பாவின் இன்னொரு முகம்

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். மதுரைக்கு வடகிழக்கே திருவாதவூர் என்றால், வடமேற்கே வத்தலகுண்டு. இப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், அன்றைக்கு அது மதுரை மாவட்டம். 1912 செப்டம்பர் 29-ல் பிறந்த சி.சு.செல்லப்பா வளர்ந்தது அங்கேதான்.

இன்றைய வாசகர்களுக்கு அவரை 'வாடிவாசல்' எழுதியவர் என்றால் சட்டெனத் தெரியும். வெற்றிமாறன் படமாக்கப்போவதாக அறிவிப்பு வந்ததிலிருந்து, ஜல்லிக்கட்டைப் பற்றிய அந்தச் சின்னப் புத்தகத்தைத் தேடிப்பிடித்துப் படித்தவர்கள் ஏராளம். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். ஆனால், அதே மனிதர் எழுதிய மிகப்பெரிய நாவல் ஒன்று இருக்கிறது. மூன்று பாகங்கள், ஆயிரக்கணக்கில் பக்கங்கள். பெயர் 'சுதந்திர தாகம்'. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

செல்லப்பா மதுரைக் கல்லூரியில் படித்தவர். அவர் பள்ளி, கல்லூரியில் இருந்த ஆண்டுகள் சாதாரண ஆண்டுகள் அல்ல. 1928-ல் சைமன் குழு வந்தது. 'திரும்பிப் போ' என்ற கோஷம் நாடெங்கும் கேட்டது. 1930-ல் காந்தி தண்டிக்கு நடந்தார். ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். 1932-ல் மறுபடியும் சட்டமறுப்பு. அந்நியத் துணிக் கடைகள், கள்ளுக்கடைகள் முன்னால் மறியல். 1934-ல் காந்தியின் தமிழகச் சுற்றுப்பயணம். பதினைந்து வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடையில் ஒரு பையன் இதையெல்லாம் பார்த்தான்.

பார்த்ததோடு நிற்கவில்லை. 1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். கதர் அவருடைய வாழ்நாள் பழக்கமானது. இடையில் 'மணிக்கொடி' காலத்து எழுத்தாளர்களோடு சேர்ந்து சிறுகதைகள் எழுதினார்.

இப்படி ஓர் அனுபவம் கையில் இருந்தால் யாராக இருந்தாலும் உடனே எழுதியிருப்பார்கள். 1947-ல் சுதந்திரம் கிடைத்த சூட்டில் வெளியிட்டிருந்தால் பரபரப்பாகப் பேசப்பட்டிருக்கும். செல்லப்பா அப்போது அதை நாவலாகக் கொண்டுவரவில்லை.

அரசியல் தெரியாதவர் என்று சொன்னார்கள்

1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். சொந்தப் பணம், சொந்த உழைப்பு. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்தப் பக்கங்களில்தான். ந.பிச்சமூர்த்தி, சி.மணி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி, பிரமிள், எஸ்.வைதீஸ்வரன் எல்லோரும் அங்கே எழுதினார்கள். 1962-ல் அவர் வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இருந்தன. இன்றைக்கும் கவிதை படிப்பவர்கள் முதலில் தேடும் தொகுப்புகளில் அது ஒன்று.

புத்தகங்களையும் அவரே போட்டார். அவரே விற்றார். பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். பதிப்பாளர், ஆசிரியர், பிழை திருத்துபவர், விற்பனைப் பிரதிநிதி எல்லாமே ஒரே ஆள். இன்று 'இண்டிபெண்டன்ட் ஆத்தர்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் இல்லாத காலத்தில் அதைச் செய்துகாட்டியவர் அவர்.

அந்த நாள்களில் முற்போக்கு முகாமைச் சேர்ந்தவர்கள் 'எழுத்து' மீது ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். அது வடிவம், உத்தி, நடை என்றே பேசுகிறது, மக்களின் பிரச்னையைப் பேசவில்லை, அரசியலைவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்பது அந்த விமர்சனத்தின் சாரம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. 'எழுத்து' கட்சி அரசியலுக்குள் போகவில்லை. அன்றன்றைய அரசியல் சர்ச்சைகளுக்குப் பதில் சொல்வதும் அதன் வேலையாக இருக்கவில்லை.

ஆனால், வேடிக்கையைப் பாருங்கள். அரசியல் பேசாதவர் என்று சொல்லப்பட்ட அந்த மனிதர்தான், தேசிய இயக்கத்துக்காகச் சிறைக்குப் போனவர். தன் இளமையின் அரசியலைத் தூக்கிப் போட்டுவிடாமல் மனதுக்குள் வைத்திருந்தவர்.

85-ஐ நெருங்கும் வயதில் மூன்று பாக நாவல்

'சுதந்திர தாகம்' 1997-ல் வெளிவந்தது. இந்தியா சுதந்திரத்தின் பொன்விழாவைக் கொண்டாடிய ஆண்டு. செல்லப்பாவுக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் பதிப்பாளர் அவரேதான். 1920-களின் இறுதியிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரையிலான விடுதலைப் போராட்டக் காலம்தான் நாவலின் களம். நடந்தவற்றுக்கும் புத்தகத்துக்கும் இடையே அறுபது வருடங்களுக்கு மேல் இடைவெளி!

இந்த இடைவெளி என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

போராட்டம் நடக்கும்போது எழுதினால், எது வெல்லும் என்று தெரியாது. அதனால் எழுதுபவர் வாசகரைத் தன் பக்கம் இழுக்கவே பார்ப்பார். வெற்றி கிடைத்த கையோடு எழுதினால், எல்லாமே அந்த வெற்றிக்காகவே நடந்ததுபோலத் தோன்றும். தயங்கியவர், பயந்தவர், பாதியில் விட்டுப்போனவர் எல்லோரும் கதையிலிருந்து காணாமல் போவார்கள். அறுபது வருடம் கழித்து எழுதும்போது அந்தக் கட்டாயங்கள் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தவையும் எழுதுபவருக்குத் தெரியும். கதருக்குள் புகுந்த பதவி ஆசையும் தெரியும். அதையெல்லாம் தெரிந்துகொண்டே, அது எதுவும் தெரியாத ஒரு மாணவனின் உற்சாகத்தை எழுத வேண்டும். அரசியல் நாவலில் மிகக் கஷ்டமான வேலை இதுதான்.

பெரிய தலைவர்கள் மேடையில் இருக்க, கூட்டத்தில் நின்ற சாதாரண மனிதர்களின் பக்கமிருந்து அந்தக் காலத்தைச் சொன்னதுதான் 'சுதந்திர தாக'த்தின் பலம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் மறியல், அதில் நின்றவனுக்கு ஒரு முழு நாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தான், அப்பா என்ன சொன்னார், பரீட்சை என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த நாளுக்குள் இருக்கும். அவ்வளவையும் சொல்லப் பக்கங்கள் தேவைப்படும்.

நாவலின் குறை என்று சொல்லப்படுவதும் இதே நீளம்தான். 'வாடிவாச'லின் இறுக்கத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஒரு நல்ல எடிட்டர் பக்கத்தில் இருந்திருந்தால் சுருங்கியிருக்கலாம். தனியாளாகப் புத்தகம் போடுவதில் இருக்கும் சுதந்திரத்துக்கு அது ஒரு விலை. வெட்டச் சொல்ல யாரும் இல்லை. கூடாது என்று தடுக்கவும் யாரும் இல்லை.

செல்லப்பா 1998 டிசம்பர் 18-ல் சென்னையில் காலமானார். 2001-ல் 'சுதந்திர தாக'த்துக்குச் சாகித்ய அகாடமி விருது அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

பழைய அரசியலைத் தேடிப் பின்னோக்கிப் போவது உலக இலக்கியத்திலும் நடந்ததுதான். 1825-ல் ஜார் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த ரஷ்ய அதிகாரிகளைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கினார் டால்ஸ்டாய். அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களுடைய இளமைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. 1812-ல் நடந்த நெப்போலியன் படையெடுப்புக்குப் போனார். அங்கிருந்தும் இன்னும் பின்னால் போய் 1805-ல் கதையைத் தொடங்கினார். கடைசியில் வந்தது 'போரும் அமைதியும்'. 1865-க்கும் 1869-க்கும் இடையில் அது வெளியானபோது, கதை நடந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. டால்ஸ்டாய் அந்தப் போருக்குப் பின்னால் பிறந்தவர். செல்லப்பாவோ தன் கண்ணால் பார்த்ததையே அவ்வளவு காலம் வைத்திருந்து எழுதினார்.

சுடச்சுட எழுதிய கல்கி

அப்படியானால், அரசியல் நாவலை உடனே எழுதவே கூடாதா? கல்கி வேறு பதில் வைத்திருந்தார்.

செல்லப்பா சிறைக்குப் போன அதே 1941 தனிநபர் சத்தியாகிரகத்தில்தான் கல்கியும் சிறைக்குப் போனார். அது அவருடைய மூன்றாவது சிறைவாசம். அதே ஆண்டில் ஆனந்த விகடனிலிருந்து விலகி, சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். தேசிய இயக்கம் முக்கியமா, வேலை முக்கியமா என்ற கேள்விக்கு அவர் தேர்ந்தெடுத்த பதில் அது.

1948, 1949-ல் அந்த இதழில் 'அலை ஓசை' தொடராக வந்தது. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத நாள்கள். காந்தி சுடப்பட்டு ஓராண்டுகூட ஆகாத நிலையில் தொடங்கிய கதை. 1934 பீகார் பூகம்பத்தின் காலத்திலிருந்து தேசப் பிரிவினையின் கொடூரம் வரை ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியாகப் போகிறது அந்த நாவல். சீதாவின் கணவன் ராகவனும், சூர்யாவும், தாரிணியும் வெவ்வேறு அரசியல் நம்பிக்கைகளோடு வருகிறார்கள். படிப்பவர்களுக்கு அது பழைய வரலாறு அல்ல. போன வருடத்துச் செய்தி.

தன் எழுத்துகளில் ஏதாவது ஒன்று ஐம்பது, நூறு வருடம் நிற்கும் தகுதி உடையது என்றால் அது 'அலை ஓசை'யாகத்தான் இருக்கும் என்று கல்கியே நம்பினார். 'பொன்னியின் செல்வ'னைக் கொண்டாடும் நமக்கு இது ஆச்சர்யமாக இருக்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். 1956-ல் 'அலை ஓசை'க்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அவரும் அதை வாங்கிக்கொள்ள இல்லை.

கல்கியால் சுடச்சுட எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதழ் அவர் கையில் இருந்தது. என்ன எழுத வேண்டும், எவ்வளவு எழுத வேண்டும் என்று சொல்ல மேலே இன்னோர் ஆசிரியர் கிடையாது. செல்லப்பாவுக்கும் அதே சுதந்திரம் இருந்தது. ஒருவருக்குப் பின்னால் வாரா வாரம் காத்திருந்த பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. இன்னொருவருக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரான்மலை அடிவாரத்திலிருந்து மேடானுக்கு

கபிலரின் நண்பன் பாரி ஆண்ட பிரான்மலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் சிங்கம்புணரி. 1920-ல் அங்கே பிறந்தவர் ப.சிங்காரம். சிறு வயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேஷியாவின் மேடான் நகருக்குப் போனார். இரண்டாம் உலகப் போரையும், ஜப்பான் ஆக்கிரமிப்பையும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் தென்கிழக்கு ஆசியாவில் எழுந்து அடங்கியதையும் அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். போர் முடிந்து திரும்பிவந்து, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒய்.எம்.சி.ஏ விடுதி அறையில் தனியாக வாழ்ந்தார்.

வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. 'கடலுக்கு அப்பால்' பல இடங்களில் நிராகரிக்கப்பட்டு, கடைசியில் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-ல் புத்தகமானது. அடுத்த நாவலான 'புயலிலே ஒரு தோணி'யை 1960-களின் தொடக்கத்தில் எழுதினார். அச்சில் வந்தது 1972-ல்.

தினமும் செய்திகளோடு புழங்கியவர் அவர். ஆனால் அவருடைய நாவலில் செய்தித்தாளின் அவசரம் இல்லை. போரைப் புகழவில்லை, வீரத்தைக் கேலி செய்யவும் இல்லை. மேடைகளில் பழம்பெருமை முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பெருமைப் பேச்சை நையாண்டி செய்யும் பக்கங்களை அதில் துணிந்து எழுதினார். அந்தத் துணிச்சலுக்கு அன்று கைதட்டல் கிடைக்கவில்லை. வெளியானபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களின் பட்டியல்களில் அதற்கு நிரந்தர இடம் இருக்கிறது. செல்லப்பாவின் நாவல் வந்த அதே 1997-ன் கடைசி நாள்களில் சிங்காரம் மதுரையில் மறைந்தார்.

அரசியலில் இருந்துகொண்டே எழுதியவர்

இதுவரை பார்த்த செல்லப்பாவும் சிங்காரமும் கட்சிக்கு வெளியே நின்றவர்கள். கட்சிக்குள் இருந்துகொண்டே பெரிய நாவல் எழுதிய மதுரைக்காரர் சு.வெங்கடேசன். மார்க்சிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியராக இருந்தபடி எழுதிய முதல் நாவல் 'காவல் கோட்டம்'. 2008-ல் வெளியானது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். 1310 முதல் 1910 வரை, அறுநூறு ஆண்டு மதுரையின் கதை.

மாலிக் காபூர் படையெடுப்பு, நாயக்கர் ஆட்சி, கோட்டையை இடித்து நகரத்தை விரித்த ஆங்கிலேய அதிகாரிகள், ஊர்க்காவல் காத்தவர்களைக் குற்றவாளிகளாக்கிய அரசு என்று நீள்கிறது நாவல். 1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் காயம் மதுரை வட்டாரக் கிராமங்களில் இன்றும் பேச்சில் இருக்கிறது. அதைக் கட்சித் தீர்மானமாக எழுதினால் ஒரு பக்கம் போதும். நாவலாக எழுத அவருக்குப் பத்தாண்டு உழைப்பு தேவைப்பட்டது. வெளியானபோது உச்சத்தில் வைத்துப் பாராட்டியவர்களும் உண்டு. கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு. 2011-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதிலிருந்து ஒரு பகுதி வசந்தபாலன் இயக்கத்தில் 'அரவான்' படமாக 2012-ல் வந்தது.

அடுத்து அவர் எழுதப்போனது கபிலரையும் பாரியையும் பற்றி! 2016-ல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'வீரயுக நாயகன் வேள்பாரி', நூறு வாரங்களைத் தாண்டி 2018 வரை ஓடியது. தொடர் முடிந்த அடுத்த ஆண்டு, 2019-ல், அவர் மதுரை எம்.பி ஆனார். 2024-ல் இரண்டாவது முறை வென்றார். 'வேள்பாரி' ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியதற்கு 2025 ஜூலையில் சென்னையில் விழா எடுத்தார்கள். திருவாதவூர்க்காரர் என்று சொல்லப்படும் ஒரு புலவர், இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இவருடைய கட்சி அரசியலோடு உடன்படாதவர்களும் 'வேள்பாரி'யைப் படித்தார்கள். காரணம் எளிது. மூவேந்தர்களுக்கும் பறம்புக்கும் நடக்கும் சண்டையில் அதிகாரம், நிலம், காடு, வணிகம் என்று எல்லா அரசியலும் இருக்கிறது. ஆனால் எந்த இடத்திலும் கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் மைக் பிடிக்க வேண்டிய தேவை வரவில்லை. வாசகர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு

இன்றைக்கும் நாவல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பகலில் ஆசிரியர், வங்கி ஊழியர், டூவீலர் மெக்கானிக், கல்லூரி மாணவி. இரவில் செல்போனிலோ லேப்டாப்பிலோ ஓர் அத்தியாயம். ஒரு வகையில் செல்லப்பாவைவிட அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கிண்டிலில் தாங்களே மின்னூலாக வெளியிடலாம். ஐம்பது பிரதிகள் மட்டும் அச்சடித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆயிரம் பிரதி போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைக்க வேண்டிய அவசியம் இல்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம்.

செல்லப்பா சந்திக்காத ஒரு சிக்கல் இவர்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சர்ச்சை வருகிறது. 'நீங்கள் எழுத்தாளர்தானே, ஏன் இதைப் பற்றிப் பேசவில்லை?' என்று கமென்ட்டில் கேட்கிறார்கள். பேசினால் ஒரு தரப்பு திட்டும். பேசாமல் இருந்தால் இரண்டு தரப்பும் திட்டும். பதில் சொல்லி முடிப்பதற்குள் இரவு பதினொன்றாகிவிடும். அன்றைய அத்தியாயம் அப்படியே நிற்கும்.

பேசவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கபிலர் பேசினார். கல்கி பேசினார், சிறைக்கும் போனார். செல்லப்பாவும் மறியல், சிறை என்று போக வேண்டிய நேரத்தில் போனவர்தான். அநியாயம் கண்முன்னால் நடக்கும்போது நாவல் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. குடிமகனாக அன்றைக்குச் செய்ய வேண்டியதை அன்றைக்கே செய்துதான் ஆக வேண்டும்.

ஆனால், அதே கோபத்தை அப்படியே நாவலுக்குள் கொட்டினால் என்ன ஆகிறது? கெட்டவர்கள் எல்லாம் ஒரே மாதிரி பேசுகிறார்கள். நல்லவர்கள் எல்லாம் ஆசிரியர் மாதிரியே பேசுகிறார்கள். போன வருடத்துச் சர்ச்சை இந்த வருடம் மறந்துபோகும்போது, நாவலும் அதோடு சேர்ந்து பழையதாகிவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் கதாபாத்திரத்துக்கும் ஒரு வீடு, ஒரு பயம், ஒரு நியாயம் இருக்கும். அதை எழுத வேண்டுமானால் கோபம் கொஞ்சம் ஆற வேண்டும். செல்லப்பாவுக்கு அது ஆற அறுபது வருடம் ஆனது. எல்லோருக்கும் அவ்வளவு ஆக வேண்டியதில்லை. கல்கிக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால், அந்தக் காலம் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் உரிமை எழுதுபவர் கையில் இருக்க வேண்டும். கட்சியோ, பதிப்பகமோ, லைக் எண்ணிக்கையோ அதை முடிவு செய்யக் கூடாது. சொந்தக் காலில் நின்று எழுதுவதன் உண்மையான லாபம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் அவர்கள் பணத்தையும் பெயரையும் இழக்கத் தயாராக இருந்தார்கள்.

ஆண்டுதோறும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழா நடக்கும்போது, திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் புறப்பட்டு மதுரைக்கு வருகிறார். வழியெங்கும் மக்கள் காத்திருந்து வணங்குகிறார்கள். அவர் ஒரு காலத்தில் அமைச்சராக அதிகாரம் செலுத்திய நகரம் அது. அவருக்கு முன்னும் பின்னும் அந்தப் பதவியில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் யாரையும் மதுரை இப்படி வருடா வருடம் ஊர்வலமாக அழைத்து வருவதில்லை.